வயிற்றுப் புண்ணுக்குப் பசியைக் குற்றம் சொல்லும் முன்

நெஞ்சுக்குழி எரிகிறது என்று சொன்னால் தேயிலைத் தோட்டத்தில் உடனே வரும் விளக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். காலையில் ஒரு ரொட்டித் துண்டும் தேத்தண்ணீருமாகப் பெரட்டுக்கு (காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு) ஓடினால் வேறென்ன வரும் என்பார்கள். கட்டசம்பலை இப்படிச் சாப்பிட்டால் குடல் புண்ணாகாமல் என்ன செய்யும் என்பார்கள். டவுனுக்குப் போனால் பாமசியில் ‘கேஸ்ட்ரைட்டிஸ்’ என்ற பெயரும், அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமிப்ரசோல் ஓர் அட்டையும் கிடைக்கும். நாலைந்து நாளில் எரிச்சல் அடங்கும். சில வாரங்களில் திரும்ப வரும்.

அது திரும்ப வருவது, புண்ணை உண்டாக்கியது எதுவோ அது தொடப்படாமலே இருப்பதால். இரைப்பையிலும் சிறுகுடலின் தொடக்கத்திலும் வரும் புண்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு மருத்துவம் இரண்டு காரணங்களைத்தான் காட்டுகிறது: ஒரு பக்டீரியா, சில வகை வலி மாத்திரைகள். இரண்டாவதைப் பற்றித்தான் இலங்கையின் மலையகத்தில் கூடுதலாகப் பேச வேண்டும். கூடையைத் தலையில் மாட்டி ஏற்றத்தில் ஏறி இறங்கும் உழைப்பில் முதுகுவலியும் முழங்கால் வலியும் வராதவர் குறைவு. அந்த வலிக்குக் கையில் கிடைக்கும் மாத்திரைதான் பல வயிறுகளைக் கெடுக்கிறது.

எரிச்சல் எல்லாம் புண் அல்ல

மேல்வயிற்றில் வரும் தொல்லைக்கு நான்கு பொதுவான நிலைகள் உண்டு. நான்குக்கும் ஒரே பெயரைச் சொல்வதால்தான் குழப்பம் தொடங்குகிறது.

1. இரைப்பையின் உள்தோல் சிவந்து அழற்சியடைவது கேஸ்ட்ரைட்டிஸ். தோல் கிழிந்திருக்காது, அல்லது மேலோட்டமாக உரிந்திருக்கும்.
2. இரைப்பை அமிலம் மேலேறி உணவுக்குழாயைச் சுடுவது நெஞ்செரிவு. குனிந்தால், படுத்தால் கூடும். வாயில் புளிப்பு வரும்.
3. கமராக் குழாய் விட்டுப் பார்த்தாலும் ஒன்றும் தென்படாமல், வயிறு மட்டும் நிறைந்து ஊதி வலிப்பது செயல்பாட்டு அசீரணம். மேல்வயிற்றுத் தொல்லையோடு வருபவர்களில் பெரும்பாலோர் இந்த வகையினர்.
4. உள்தோல் முழு ஆழத்துக்கும் அரிக்கப்பட்டு, அதன் அடியில் உள்ள மெல்லிய தசை அடுக்கையும் தாண்டிக் குழி விழுவது புண். பொதுவாக 5 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட குழியைத்தான் புண் என்று எழுதுவார்கள்.

புண் இரைப்பையில் வந்தால் இரைப்பைப் புண். இரைப்பையை அடுத்துத் தொடங்கும் முன்சிறுகுடலில் வந்தால் முன்சிறுகுடல் புண். ஆழம்தான் இங்கே முக்கியம். அந்த ஆழத்தில் இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. குழி ஒரு குழாயைத் தொட்டால் இரத்தம் போகும், சுவரையே துளைத்தால் உயிருக்கு ஆபத்து. மேலோட்டமான எரிச்சலையும் இதையும் வெளியிலிருந்து வலியை மட்டும் வைத்துப் பிரிக்க வைத்தியராலும் முடியாது.

வயிறு தன்னையே அரிக்காமல் இருப்பது எப்படி

இரைப்பையில் ஒரு நாளில் ஏறக்குறைய 2 லீற்றர் சாறு சுரக்கிறது. அதில் ஐதரோகுளோரிக் அமிலம் இருக்கிறது, புரதத்தை வெட்டும் பெப்சின் என்ற நொதியமும் இருக்கிறது. இறைச்சியைச் செரிக்கும் இந்தச் சாறு, இறைச்சியால் ஆன இரைப்பைச் சுவரை விட்டுவைப்பதற்கு அந்தச் சுவரின் காவல்தான் காரணம்.

உள்தோலின் மேல் ஒரு சீதப் படலம் எப்போதும் பூசியிருக்கும். அந்தப் படலத்துக்குள் தோல் கலங்கள் பைகாபனேற்றைச் சுரந்துகொண்டே இருக்கும். இதனால் இரைப்பையின் நடுவில் கடும் அமிலம் இருந்தாலும், கலத்தை ஒட்டிய இடத்தில் அமிலத்தன்மை ஏறக்குறைய நடுநிலைக்கு வந்துவிடும். அடியில் நல்ல இரத்த ஓட்டம் இருக்கும். கசிந்து உள்ளே வரும் அமிலத்தை அது கழுவிச் செல்லும். மேல்தோல் கலங்கள் சில நாள்களுக்கு ஒருமுறை புதிதாகிவிடும்.

சீதம், பைகாபனேற்று, இரத்த ஓட்டம், புதுப்பிப்பு ஆகிய நான்கையும் தாங்கிப் பிடிப்பவை புரோஸ்டாகிளாண்டின் என்ற இரசாயனங்கள். இந்தப் பெயரை நினைவில் வைத்திருந்தால் வலி மாத்திரை எப்படிப் புண்ணாக்குகிறது என்பது தானே விளங்கும்.

முதல் காரணம்: ஹெலிகோபக்டர் பைலோரி

கடும் அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழாது என்றுதான் நீண்ட காலம் நம்பினார்கள். புண்ணுக்குக் காரணம் மனக்கவலையும் அமில மிகுதியும் என்று பாடநூல்கள் எழுதின. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் ரொபின் வொரன், பரி மார்ஷல் என்ற இரு வைத்தியர்கள் 1982 இல் இரைப்பைத் துணுக்குகளிலிருந்து ஒரு சுருள் வடிவக் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். சகாக்கள் நம்பத் தயங்கியதால் 1984 இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தாமே குடித்தார். சில நாள்களில் அவருக்கு வாந்தியும் இரைப்பை அழற்சியும் வந்தன. 2005 இல் இருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அமிலத்தில் இது தப்பிப்பது யூரியேஸ் என்ற நொதியத்தால். இரைப்பையில் உள்ள யூரியாவை அமோனியாவாக மாற்றி, தன்னைச் சுற்றி அமிலம் குறைந்த ஒரு வட்டத்தை அமைத்துக்கொள்கிறது. பிறகு வால்களால் சீதத்தைத் துளைத்து உள்தோலில் போய் ஒட்டுகிறது. அங்கே ஆண்டுக்கணக்கில் அழற்சி நீடிக்கிறது. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் அழற்சி இருந்தால் அமிலம் அளவுக்கு மீறிச் சுரந்து முன்சிறுகுடலில் கொட்டுகிறது, புண் அங்கே வருகிறது. அழற்சி மேலே பரவினால் இரைப்பையின் காவலே பலவீனமாகி அங்கேயே புண் வருகிறது. இதே கிருமியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1994 இல் புற்றுநோயை உண்டாக்கும் காரணிகளின் முதல் வகுப்பில் சேர்த்தது.

தொற்று இருக்கும் எல்லோருக்கும் புண் வருவதில்லை. 100 பேருக்குத் தொற்று இருந்தால் வாழ்நாளில் 10 முதல் 20 பேருக்குப் புண் வரலாம். மற்றவர்கள் அறிகுறியே இல்லாமல் இருப்பார்கள். கிருமியின் வகை, ஆளின் மரபு, புகைத்தல், வலி மாத்திரை ஆகியவைதான் யாருக்கு வரும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கின்றன.

தொற்று பெரும்பாலும் சிறு வயதில், வீட்டுக்குள்ளேயே வருகிறது. வாந்தி, எச்சில், மலம் பட்ட கை ஆகியவற்றின் வழியாகத் தாயிடமிருந்து பிள்ளைக்கும், பிள்ளையிடமிருந்து பிள்ளைக்கும் போகிறது. நெருக்கமாக வாழ்வதும் கழிவறை, தண்ணீர் வசதிக் குறைவும்தான் உலகெங்கும் இதன் முக்கிய ஆபத்துக் காரணிகள். 10 அடிக்கு 12 அடிக் காம்பராவில் மூன்று தலைமுறை படுத்து எழும் லயம் என்ற வரிசை வீட்டையும், பல குடும்பங்கள் பங்கு போடும் கழிவறையையும், மேலே உள்ள மலையிலிருந்து திறந்தபடி வரும் பீலித் தண்ணீரையும் நினைத்துப் பார்த்தால், இது தனி ஆளின் சுத்தக் குறைவு என்று சொல்லிவிட முடியாது என்பது தெரியும். வீட்டளவில் பயன் தருபவை சிலதான். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடிப்பது, கழிவறைக்குப் போய்வந்த பின்னும் சோறு ஊட்டும் முன்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவது, பெரியவர் வாயில் மென்று பிள்ளைக்குக் கொடுப்பதை விடுவது. தோட்டத்தின் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக் காம்பராவிலும் இதையே கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது காரணம்: மேல்வலி மாத்திரை

டைக்ளோபெனாக், இபுபுரூபன், நப்ரொக்சன், மெபனமிக் அசிட், அஸ்பிரின். பெயர்கள் வேறானாலும் வேலை ஒன்று: கொக்ஸ் என்ற நொதியத்தைத் தடுத்து, வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டினைக் குறைப்பது. அஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்பதை 1971 இல் ஜோன் வேன் காட்டினார். ஆனால் மாத்திரைக்கு முழங்கால் எது, இரைப்பை எது என்று தெரியாது. முழங்காலில் குறையும் அதே பொருள் இரைப்பையிலும் குறைகிறது. சீதம் மெலிகிறது, பைகாபனேற்று வற்றுகிறது, இரத்த ஓட்டம் தளர்கிறது. வழக்கமான அளவில் சுரக்கும் அமிலமே அப்போது புண்ணாக்கப் போதும்.

இந்த இடத்தில் மூன்று தவறான நம்பிக்கைகள் மிகப் பரவலாக இருக்கின்றன.

1. ‘சாப்பிட்டுவிட்டுப் போட்டால் ஒன்றும் செய்யாது.’ சாப்பிட்டபின் போட்டால் உடனடி எரிச்சலும் குமட்டலும் குறையும். ஆனால் மருந்து இரத்தத்தில் கலந்து இரைப்பைச் சுவருக்கு உள்ளிருந்தே புரோஸ்டாகிளாண்டினைக் குறைக்கிறது. புண் ஆபத்து தீர்வதில்லை.
2. ‘ஊசி போட்டால் வயிற்றுக்குப் போகாது.’ மேலே சொன்ன அதே காரணத்தால் ஊசியும், பின்வழியாக வைக்கும் மருந்தும் புண்ணாக்கும். மேற்பூச்சு உள்ள அஸ்பிரினும் அப்படித்தான்.
3. ‘வலிக்கவில்லை, ஆகவே வயிறு நன்றாகத்தான் இருக்கிறது.’ இவை வலி மாத்திரைகள், புண்ணின் வலியையும் மறைத்துவிடும். இதனால்தான் இந்த வகைப் புண்களில் பல, இரத்தம் கசிந்த பிறகுதான் முதன்முதலாகத் தெரியவருகின்றன.

இவற்றை ஒழுங்காகப் போடுபவர்களை எண்டொஸ்கொபியில், அதாவது கமராக் குழாய் விட்டு, பார்த்தால் 100 இல் 15 முதல் 30 பேரிடம் புண் தென்படும். இரத்தக் கசிவு, துளை போன்ற பெரிய சிக்கல் ஆண்டொன்றுக்கு 100 இல் 1 அல்லது 2 பேருக்கு வரும். கீழே உள்ளவை சேரச் சேர அந்த எண்ணிக்கை ஏறும்:

1. முன்பு புண் வந்திருப்பது. முன்பு இரத்தம் போயிருந்தால் ஆபத்து இன்னும் பெரிது.
2. வயது 60, 65 ஐத் தாண்டியிருப்பது.
3. ஒரே நேரத்தில் இரண்டு வலி மாத்திரை. டிஸ்பென்சரியில் தந்தது ஒன்று, பாமசியில் வாங்கியது இன்னொன்று என்று பெயர் வேறாக இருப்பதால் இது தெரியாமலே நடக்கிறது.
4. இருதயத்துக்காகவோ பாரிசவாதத்துக்காகவோ கிளினிக்கில் தரும் சிறு அளவு அஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்பரின் ஆகிய இரத்தம் உறையாமல் செய்யும் மருந்துகளோடு டைக்ளோபெனாக்கும் சேர்வது.
5. பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீரொயிட் மருந்தோடு சேர்வது. ஸ்டீரொயிட் தனியாகத் தரும் ஆபத்து சிறிது, வலி மாத்திரையோடு சேர்ந்தால் பெரிது.
6. கூடிய அளவு, நீண்ட காலம். ஆனால் முதல் சில வாரங்களிலேயே கசிவு வரலாம்.
7. பைலோரி தொற்று ஏற்கெனவே இருப்பது. இரண்டு காரணங்களும் சேரும்போது ஆபத்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே உள்ளதைவிடப் பல மடங்காகிறது.

நாளுக்கு 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் மாறும் கொழுந்து அளவை எடுத்துத்தான் முழுச் சம்பளம் என்றிருக்கும்போது, வலிக்கு மாத்திரை போடாதே என்று மட்டும் சொல்வது நியாயமில்லை. மாற்று வேண்டும். பரசிட்டமோல், அதாவது பெனடோல், இரைப்பையின் காவலை இப்படிக் கெடுப்பதில்லை. பெரியவர் ஒருவர் 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டை 6 மணிநேர இடைவெளியில் போடலாம், 24 மணிநேரத்தில் 8 ஐத் தாண்டக் கூடாது. எடை குறைந்தவர்களும், ஈரல் நோய் உள்ளவர்களும், அதிகம் குடிப்பவர்களும் இதைவிடக் குறைவாகத்தான் போட வேண்டும். சளி, காய்ச்சலுக்குப் போடும் பல மாத்திரைகளிலும் பரசிட்டமோல் இருக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரே இடத்து மூட்டு வலிக்கு டைக்ளோபெனாக் பூச்சு மருந்தைத் தடவினால் இரத்தத்தில் சேரும் அளவு மிகக் குறைவு. சுடுநீர் ஒத்தடமும் தோளுக்கும் முதுகுக்குமான பயிற்சிகளும் மெதுவாக, ஆனால் உண்மையாகவே பயன் தருகின்றன.

டைக்ளோபெனாக் போன்ற மருந்து கட்டாயம் தேவைப்பட்டால், குறைந்த அளவு, குறைந்த நாள்கள், கூடவே ஒமிப்ரசோல் போன்ற அமிலத் தடுப்பு மருந்து என்பதுதான் ஆபத்து உள்ளவர்களுக்கான முறை. செலகொக்சிப் வகை மருந்து இரைப்பைக்குக் குறைந்த தீங்கு செய்யும், ஆனால் இருதய நோயாளிக்கு ஏற்றதல்ல. பெயரெழுதாத பொட்டலத்தில் ‘வாதத்துக்கு நல்லது’ என்று விற்கும் தூளையும் மாத்திரையையும் வாங்க வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, ஸ்டீரொயிட்டோ வலி மருந்தோ கலந்திருக்கக் கூடும்.

கிளினிக் அஸ்பிரினைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. மாரடைப்பு வந்தவருக்கு அதை நிறுத்துவது புண்ணைவிடப் பெரிய ஆபத்து. வயிற்றைக் காக்கும் மருந்து கூடவே வேண்டுமா என்று கிளினிக்கில் கேட்க வேண்டும். இன்னொன்று: காய்ச்சலோடு வரும் மேல்வலிக்கு டைக்ளோபெனாக் வேண்டவே வேண்டாம். அது டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவை மோசமாக்கும்.

துணைக்கு வருபவை

சிகரெட், பீடி, சுருட்டு: புகைத்தல் இரைப்பைச் சுவரின் இரத்த ஓட்டத்தையும் முன்சிறுகுடலுக்கு வரும் பைகாபனேற்றையும் குறைக்கிறது. புகைப்பவருக்குப் புண் வருவதும் கூடுதல், ஆறுவதும் தாமதம், திரும்ப வருவதும் அடிக்கடி. வெற்றிலையோடு மெல்லும் புகையிலைக்கு இந்த அளவு சான்று இல்லை. ஆனால் வாய்ப் புற்றுநோய்க்கு அது நேரடிக் காரணம், அதனால் அதற்குச் சலுகை கொடுக்க முடியாது.

சாராயமும் கசிப்பும் (கள்ளச் சாராயமும்): செறிந்த மதுசாரம் உள்தோலை நேரடியாகச் சுட்டு, சில மணிநேரத்திலேயே இரத்தம் கசியும் அழற்சியை உண்டாக்கும். ஆழ்ந்த புண்ணுக்கு மது மட்டுமே காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இருக்கும் புண்ணில் இரத்தம் போக அது வழி செய்கிறது. உடம்பு வலிக்கு மாத்திரையும் அலுப்புக்குச் சாராயமும் ஒரே இரவில் உள்ளே போவதுதான் மிக மோசமான சேர்க்கை.

கடும் உடல்நோய்: பெரிய தீக்காயம், தலைக் காயம், செயற்கைச் சுவாசத்தில் இருப்பது ஆகிய நிலைகளில் இரைப்பையின் இரத்த ஓட்டம் குறைந்து நாள்களுக்குள் புண் வரும். மனக்கவலையின் பங்கு வேறு. அது மட்டும் புண்ணை உண்டாக்குவதாகச் சொல்ல முடியாது, ஆனால் அதை ஒதுக்கியும் விட முடியாது. 1995 இல் ஜப்பானின் கோபே நிலநடுக்கத்துக்குப் பின் இரத்தம் கசியும் இரைப்பைப் புண்கள் அந்தப் பகுதியில் கூடியதை வைத்தியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

கணையத்தில் அல்லது முன்சிறுகுடலில் வரும், அமிலச் சுரப்பைத் தூண்டும் கஸ்ட்ரின் என்ற ஹோர்மோனைச் சுரக்கும் கட்டி, கட்டுக்கடங்காத அமிலத்தைச் சுரக்க வைத்துப் பல புண்களை உண்டாக்கும். இது அரிது. எலும்புத் தேய்வுக்கான அலென்ட்ரோனேற்று, பொற்றாசியம் குளோரைட் மாத்திரை ஆகியவையும் தோலைப் புண்ணாக்கலாம். இவற்றை நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், அலென்ட்ரோனேற்று போட்டபின் அரை மணிநேரம் படுக்கக் கூடாது.

பசி, உறைப்பு, தேத்தண்ணீர்

பசித்திருப்பதால் குழி விழுவதில்லை. காவல் சரியாக இருக்கும் இரைப்பை வெறும் வயிற்று அமிலத்தை ஒவ்வோர் இரவும் தாங்குகிறது. ஆனால் ஏற்கெனவே புண் இருந்தால் கதை மாறும். உணவு இருக்கும்போது அமிலத்தின் ஒரு பகுதியை உணவு ஏற்றுக்கொள்கிறது. வயிறு வெறுமையானதும் அமிலம் நேரே புண்ணில் படுகிறது. பசி வலியைக் காட்டிக் கொடுக்கிறது, அதனால் பசிமேல் பழி விழுகிறது.

கொச்சிக்காயும் அப்படித்தான். அது உணர்வு நரம்புகளைத் தூண்டி எரிய வைக்கும், புண்ணைத் தோண்டாது. எரிகிறதென்றால் குறைத்துக்கொள்ளலாம். எரியவில்லை என்றால், புண் இருக்கிறது என்பதற்காகவே சம்பலைத் தட்டிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. தேத்தண்ணீரும் கோப்பியும் அமிலச் சுரப்பைச் சற்றுக் கூட்டும். அவை புண்ணுக்குக் காரணம் என்பதற்குச் சான்று இல்லை. பால் குடித்தால் சற்று நேரம் இதமாக இருக்கும், பிறகு அதன் புரதமும் கல்சியமும் அமிலத்தைத் திரும்பத் தூண்டும். பால் ஒரு மருந்தல்ல.

தேத்தண்ணீரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில். சோற்றோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் குடித்தால் உணவிலுள்ள இரும்பை உடல் எடுப்பதை அது தடுக்கிறது. புண்ணிலிருந்து தினமும் சிறிது சிறிதாகக் கசிந்து, அதோடு இதுவும் சேர்ந்தால் இரத்தச்சோகை வேகமாக வரும். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணீருக்கும் இடையில் ஒரு மணிநேரம் விட வேண்டும்.

வலி எப்படி இருக்கும்

தொப்புளுக்கு மேலே, நெஞ்செலும்புக்குக் கீழே அரிப்பது போன்ற வலி. முன்சிறுகுடல் புண் என்றால் சாப்பிட்டு இரண்டு மூன்று மணிநேரம் கழித்தும், நடு இரவிலும் வந்து, ஏதாவது சாப்பிட்டதும் தணியும். இரைப்பைப் புண் என்றால் சாப்பாடே வலியைக் கூட்டலாம், பசி குறையும், எடை இறங்கும். இந்த வேறுபாட்டைப் பாடநூல் எழுதும் அளவுக்கு நம்ப முடியாது. வயதானவர்களிலும் வலி மாத்திரை போடுபவர்களிலும் வலியே இல்லாமல் இருக்கலாம்.

‘காஸ்’ என்று சொல்லப்படும் எல்லாம் வயிற்றிலிருந்து வருவதும் இல்லை. மலை ஏறும்போது நெஞ்சுக்குழியில் இறுக்கம், வியர்வை, தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி என்றால் இருதயத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அமில மருந்தைக் குடித்துவிட்டுக் காத்திருக்கும் நேரம் அது அல்ல.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை

1. மலம் கறுத்து, தார் போல ஒட்டி, வழக்கமில்லாத நாற்றத்தோடு போவது. இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் ஒட்டாது, அந்த நாற்றமும் இருக்காது. சந்தேகம் என்றால் கசிவு என்றே எடுத்துக்கொண்டு போக வேண்டும்.
2. இரத்த வாந்தி, அல்லது கோப்பித் தூள் நிறத்தில் வாந்தி.
3. எழுந்தால் தலை சுற்றி விழுவது, கைகால் குளிர்ந்து வியர்ப்பது, நாடி வேகமாகத் துடிப்பது.
4. திடீரென்று தாங்க முடியாத வலி வந்து, வயிறு இறுகி, அசையவே முடியாமல் போவது. வலி தோள் முனைக்கும் ஏறலாம். புண் சுவரைத் துளைத்துவிட்டது என்பதன் அடையாளம் இது. அறுவைச் சிகிச்சைக்கு ஒவ்வொரு மணிநேரத் தாமதமும் ஆபத்தைக் கூட்டும். இந்த நிலையில் சோறோ தண்ணீரோ மருந்தோ எதுவும் வாயில் கொடுக்கக் கூடாது.

இவற்றில் ஒன்று இருந்தாலும் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். மேற்பிரிவு லயத்துக்கு வாகனம் ஏறாது என்றால், அழைக்கும்போதே எந்த இடம் வரை வரும் என்று பேசிக்கொண்டு நோயாளியைப் படுத்த நிலையில் அங்கே கொண்டுவந்து வைத்திருக்க வேண்டும். போட்ட மாத்திரை அட்டைகளை, வெறும் அட்டையாக இருந்தாலும், கையோடு எடுத்துப் போக வேண்டும். எந்த மருந்தால் கசிகிறது, இரத்தம் உறையாமல் செய்யும் மருந்து உண்டா என்பதை வைத்தியர் அதைப் பார்த்துத்தான் நொடியில் அறிவார்.

அவசரம் இல்லாமல், ஆனால் சில நாள்களுக்குள் காட்ட வேண்டியவையும் உண்டு: காரணமின்றி எடை குறைவது, விழுங்கச் சிரமம், நேற்றுச் சாப்பிட்டது இன்று வாந்தியாக வருவது, இரத்தச்சோகை, 55 வயதுக்கு மேல் முதன்முதலாகத் தொடங்கும் வயிற்றுத் தொல்லை, குடும்பத்தில் இரைப்பைப் புற்றுநோய். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இரத்தச்சோகை என்றதும் மாதவிடாயையும் சாப்பாட்டையும் மட்டும் காரணமாக்கி இரும்பு மாத்திரை கொடுத்து அனுப்புவது எளிது. அவர் வலி மாத்திரை போடுகிறாரா என்ற கேள்வியையும் யாராவது கேட்க வேண்டும். யாரும் கேட்காவிட்டால் அவரே சொல்ல வேண்டும்.

பரிசோதனையும் மருந்தும்: பிசகும் இடங்கள்

புண்ணை உறுதியாகக் காட்டுவது எண்டொஸ்கொபி. கண்டி, பேராதனை, பதுளை போன்ற பெரிய அரச வைத்தியசாலைகளில் இது செய்யப்படுகிறது, அரச சேவையில் இலவசம். தோட்ட டிஸ்பென்சரியிலிருந்தோ கிட்டிய ஆஸ்பத்திரியிலிருந்தோ கடிதத்தோடு போவது நல்லது. இரவிலிருந்து வெறும் வயிற்றோடு போக வேண்டும். இரைப்பைப் புண் என்றால் ஓரங்களிலிருந்து துணுக்கு எடுத்துப் புற்றுநோய் இல்லை என்று பார்ப்பார்கள், சில வாரங்கள் கழித்து ஆறிவிட்டதா என்று மறுபடியும் பார்ப்பார்கள். அந்த இரண்டாவது தேதியைத் தவறவிடக் கூடாது.

பைலோரிக்கு எண்டொஸ்கொபித் துணுக்கு, மூச்சுப் பரிசோதனை, மலப் பரிசோதனை என்ற மூன்று வழிகள் உண்டு. மூன்றும் பிழையான விடை தரக்கூடிய ஒரு சூழல் இருக்கிறது. ஒமிப்ரசோல் போட்டுக்கொண்டிருந்தால் கிருமி அடங்கி ஒளிந்திருக்கும், ‘இல்லை’ என்று விடை வரும். ஆகவே பரிசோதனைக்கு 2 வாரம் முன்பு அதையும், 4 வாரம் முன்பு அன்டிபயோட்டிக் மருந்துகளையும் நிறுத்தியிருக்க வேண்டும். புண்ணில் இரத்தம் போனவர் இதைத் தாமாகச் செய்யாமல் வைத்தியரைக் கேட்டே செய்ய வேண்டும். இரத்தப் பரிசோதனை பழைய தொற்றையும் காட்டும் என்பதால் இப்போது கிருமி இருக்கிறதா என்பதை அது சொல்லாது.

கிருமி இருந்தால் பொதுவாகத் தரும் மருந்துத் தொகுதி ஒன்று இது: ஒமிப்ரசோல் 20 மில்லிகிராம், அமொக்சிசிலின் 1 கிராம், கிளாரித்ரோமைசின் 500 மில்லிகிராம், ஒவ்வொன்றும் நாளுக்கு இரண்டு வேளை, 14 நாள்கள். வேறு தொகுதிகளும் உண்டு, வைத்தியர் தீர்மானிப்பார். பிசகுவது மருந்தின் பெயரில் அல்ல, போடும் முறையில்:

1. ஐந்தாம் நாள் எரிச்சல் தீர்ந்ததும் நிறுத்திவிடுவது. மிச்சமிருக்கும் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும், அடுத்த முறை அதே மருந்து வேலை செய்யாது. வாயில் கசப்பு, இளகிய மலம் ஆகியவை வரலாம், அதற்காக நிறுத்த வேண்டாம். தடிப்பு, மூச்சுத் திணறல் வந்தால் மட்டும் உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.
2. பெனிசிலின் ஒவ்வாமையைச் சொல்லாமல் விடுவது. அமொக்சிசிலின் அதே குடும்பம்.
3. ஒமிப்ரசோலைச் சாப்பிட்டபின் போடுவது. அமிலம் சுரக்கும் பம்புகள் உணவால் விழிக்கும் நேரத்தில் மருந்து இரத்தத்தில் இருக்க வேண்டும். ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணிநேரம் முதல் ஒரு மணிநேரம் முன்பு போட வேண்டும். ஐந்தரைக்கு எழுந்து ஆறேகாலுக்கு ரொட்டி சாப்பிடுபவருக்கு எழுந்ததும் போடுவதே சரியான வேளை.
4. மெட்ரோனிடசோல் சேர்ந்த தொகுதியோடு சாராயம் குடிப்பது. கடும் வாந்தியும் படபடப்பும் வரலாம் என்பதால் மருந்து முடிந்து இரண்டு நாள் வரை குடிக்கக் கூடாது.
5. கிருமி போய்விட்டதா என்று பார்க்காமல் விடுவது. மருந்து முடிந்து குறைந்தது 4 வாரத்துக்குப் பிறகு மூச்சு அல்லது மலப் பரிசோதனை செய்ய வேண்டும்.

கிருமியை அழிக்காமல் அமில மருந்தை மட்டும் போட்டு ஆற்றிய முன்சிறுகுடல் புண், பாதிக்கு மேற்பட்டோருக்கு ஓராண்டுக்குள் திரும்புகிறது. கிருமியை அழித்தவர்களில் 10 பேருக்கு ஒருவருக்குக் கூடத் திரும்புவதில்லை, வலி மாத்திரையையும் அவர்கள் விட்டிருந்தால். பாமசியில் ஆண்டுக்கணக்கில் ஒமிப்ரசோல் வாங்குவதற்கு இது மாற்று. அந்த மருந்தை நீண்ட காலம் போட்டால் இரும்பும் பி12 உம் உடலில் சேர்வது குறையும், ஏற்கெனவே சோகை உள்ளவருக்கு அது சிறிய விஷயமல்ல.

வைத்தியரிடம் போகும்போது சொல்ல வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகலாம்: வலி தொடங்கிய மாதம், சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, இரவில் எழுப்புகிறதா, மலத்தின் நிறம், கடந்த ஒரு மாதத்தில் போட்ட எல்லா மாத்திரைகளின் பெயர், புகை, குடி, முன்பு புண் அல்லது கசிவு வந்ததா, எந்த மருந்துக்கு ஒவ்வாமை. பெயர் தெரியாத மாத்திரை என்றால் அட்டையையே கொண்டு போனால் போதும்.